“புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்!” – வகுப்பறைப் பேச்சில் பழுது பார்ப்பது எப்படி

பாடம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகளும் தலையாட்டினார்கள். விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போதுதான் பாதிக்கு மேல் போய்ச் சேரவே இல்லை என்று தெரிகிறது. ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால் “இந்த பேட்ச் சரியில்லை” என்பதோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் அடுத்த பேட்சும் சரியில்லாமல் போனால், பழுது வேறெங்கோ இருக்கிறது.

நான் பார்த்த வரையில், ஆசிரியர் சொல்வது பிள்ளைகளின் காதில் விழாமல் போவது குறைவு. பிள்ளைகளிடமிருந்து நமக்குத் திரும்பி வர வேண்டிய செய்திதான் பெரும்பாலும் அறுந்து கிடக்கிறது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் ஒரு சோதனை, அப்புறம்தான் தீர்வு. சோதனை செய்யாமல் நேரே தீர்வுக்குப் போனால், காது கேட்காத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று திட்டிக்கொண்டிருப்போம்.

6 முதல் 10ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் வகுப்பில் ஐம்பது பேர் இருக்கலாம், தெரியும். ஐம்பது பேரோடும் செய்யக்கூடியவற்றை மட்டுமே சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

அறிகுறி 1: “புரிந்ததா?” என்றால் எல்லோரும் “புரிந்தது” என்கிறார்கள், எழுதச் சொன்னால் எழுதத் தெரியவில்லை

எல்லாப் பள்ளிகளிலும் இருக்கும் பழுது இது. மற்ற பலவற்றுக்கும் வேர் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

“புரிந்ததா?” என்று நாம் கேட்கும் ராகத்திலேயே பதில் இருக்கிறது. பிள்ளை “இல்லை” என்று சொன்னால் என்ன ஆகும்? நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், “எங்கே கவனம்?” என்று ஒரு கேள்வி வரும், பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். “புரிந்தது” என்றால் எல்லாம் சுபம். நாமும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வோம். பயிற்சிக் கூட்டத்தில் கருத்தாளர் “எல்லாருக்கும் ஓகேதானே?” என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே பழுதின் இன்னொரு முகம் பாதிச் சொல் விளையாட்டு. “தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் நிகழ்ச்சிக்குப் பேர் ஒளிச்…?” என்று ஆசிரியர் இழுப்பார். “சேர்க்கை!” என்று வகுப்பே முடித்து வைக்கும். வெளியே போகிற எச்.எம். காதுக்கு அருமையான வகுப்பு. ஆனால் அந்தச் சத்தத்தில் உண்மையில் பதில் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அரை நொடி தாமதமாகச் சேர்ந்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாது.

சோதனை: ஒரு வாரம் “புரிந்ததா?” என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அந்த இடத்தில், தவறாகப் புரிந்துகொண்டவர் தவறான பதிலைத்தான் சொல்ல முடியும் என்கிற மாதிரி ஒரு கேள்வி வையுங்கள். எல்லாக் கேள்வியும் இதைச் செய்யாது. உதாரணத்துக்குத் தசமம். 0.3, 0.25 இரண்டில் எது பெரியது? 0.25 என்று எழுதும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாக வாசிக்கிறது: 25 மூன்றைவிடப் பெரிசு. சரி, 0.3 என்று எழுதியவர்கள் எல்லாம் தேறிவிட்டார்களா? இல்லை. “புள்ளிக்கு அப்புறம் இலக்கம் கூடக் கூட எண் சின்னதாகும்” என்று நினைக்கிற பிள்ளையும் 0.3 என்றுதான் எழுதும். அதனால் கூடவே 0.4, 0.62 என்று இன்னொரு ஜோடி கொடுங்கள். முதல் பிள்ளை இதில் தப்பித்துக்கொள்ளும், இரண்டாவது பிள்ளை மாட்டிக்கொள்ளும். இரண்டு ஜோடியையும் சரியாகச் செய்தவர்களைத்தான் ஓரளவுக்கு நம்பலாம்.

அறிவியலிலும் இப்படிக் கேட்கலாம். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்தான் வெயில் அதிகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். பருவகாலப் பாடத்தை நடத்திவிட்டு “பூமி ஜனவரி முதல் வாரத்தில்தான் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்படியானால் மார்கழியில் ஏன் குளிர்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது யாருக்குள் இறங்கியது, யாருக்கு வெறும் வாக்கியமாக நின்றது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீர்வு: பதிலை வாயால் வாங்காமல் கையால் வாங்குங்கள். சிலேட்டு இருந்தால் சிலேட்டு, இல்லையென்றால் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம். எல்லோரும் எழுதி முடித்த பிறகு “ஒன்று, இரண்டு, மூன்று, தூக்கு” என்றால் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பக்கத்தில் பார்த்து எழுத நேரம் இருக்காது. பெரிய எழுத்தில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள். முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும்: முக்கால்வாசி சரியென்றால் மேலே போகலாம், பாதி தவறென்றால் அன்றைக்குப் பாடம் அங்கேயே நிற்கட்டும்.

தவறான பதில் வந்ததும் நம் முகம் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இதுகூடத் தெரியலையா?” என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த நாளிலிருந்து சிலேட்டிலும் பொய்தான் வரும். யார் எழுதியது என்று சொல்லாமல் தவறான பதிலைப் போர்டில் எழுதி, “இப்படி யோசித்தவருக்கு ஏன் அப்படித் தோன்றியிருக்கும்?” என்று வகுப்பையே கேளுங்கள். தவறாக எழுதிய பிள்ளை சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு அது போதும்.

அறிகுறி 2: கேள்வி கேட்டால் வகுப்பே அமைதி

சோதனை: கேள்வியை முடித்த பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தனியாகப் பார்த்தால் பிடிபடாது, ஒரு மாணவரை வைத்து எண்ணச் சொல்லலாம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், இன்னொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே பதில் சொன்னார்கள். காத்திருப்பை மூன்று விநாடி அல்லது அதற்கு மேலாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

மூன்று விநாடி என்பது படிக்கச் சின்னதாக இருக்கிறது. நாற்பது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். ஒன்று இரண்டு என்று எண்ணினால் அவசரத்தில் எண்ணிவிடுவோம். கேட்ட கேள்வியையே மனதுக்குள் இன்னொரு முறை நிதானமாக முழுசாகச் சொல்லிக்கொள்ளுங்கள், நேரம் சரியாக இருக்கும். இடையில் வாய் திறந்து கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது கையில் இரண்டு கேள்விகள்.

ரோ சொன்ன இன்னொரு காத்திருப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பதிலைச் சொல்லி முடித்த பிறகும் மூன்று விநாடி. நாம் உடனே “வெரி குட், உட்கார்” என்று மூடிவிடுகிறோம். மூடாமல் விட்டால், சொன்ன பிள்ளையே “ஏன்னா சார்…” என்று தொடரும். அந்த “ஏன்னா”வுக்குப் பிறகு வருவதுதான் நமக்குத் தேவை.

காத்திருந்தும் அமைதிதான் என்றால் கேள்வியைப் பாருங்கள். “குப்தர் காலம் ஏன் பொற்காலம் எனப்படுகிறது?” என்பதற்குப் புத்தகத்தில் இருக்கும் ஒரே பதில்தான் பதில். நினைவு வந்தால் பேச்சு, வராவிட்டால் மௌனம். “யாருக்கெல்லாம் அது பொற்காலமாக இருந்திருக்கும், யாருக்கு இருந்திருக்காது?” என்று கேட்டால் புத்தகத்தை மறந்த பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். கடினமான கேள்வி என்றால் முதலில் ஒரு நிமிடம் எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அதற்குப் பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். தனியாக எழுந்து நின்று சொல்லத் தயங்கும் பிள்ளை, “நாங்க ரெண்டு பேரும் என்ன நினைச்சோம்னா…” என்று தொடங்கத் தயங்குவதில்லை.

அறிகுறி 3: அதே நாலு பேர்தான் எப்போதும் கை தூக்குகிறார்கள்

இந்த நாலு பேரால் வகுப்பு ஓடுவது போலத் தெரியும், அதுதான் ஆபத்து.

சோதனை: வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றை ஒரு தாளில் போட்டு, கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். யாரைக் கேள்வி கேட்கிறீர்களோ அந்த இடத்தில் ஒரு கோடு. ஒரு பீரியட் போதும். கோடுகள் நடு வரிசையின் முன்பக்கம் குவிந்திருக்கும், இரண்டு ஓரங்களும் பின்பக்கமும் காலியாக இருக்கும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்து உட்கார வைத்திருந்தால் அதிலும் ஒரு சாய்வு தெரியும். வரைபடத்தைப் பார்க்காமல் “நான் எல்லாரையும் சமமாகத்தான் கேட்கிறேன்” என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. ஜெரி பிராஃபி, தாமஸ் குட் இருவரும் 1970இல் காட்டியது இது: படிப்பில் எதிர்பார்ப்பு அதிகமுள்ள பிள்ளை தடுமாறினால் ஆசிரியர்கள் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள், குறிப்புக் கொடுக்கிறார்கள். எதிர்பார்ப்பு இல்லாத பிள்ளை தடுமாறினால் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் “மெல்லக் கற்போர்” என்று பட்டியல் போட்டு வகுப்பிலேயே பெயர் வாசிக்கும்போது இது இரட்டிப்பாகிறது. பட்டியல் அலுவலக வேலைக்குத் தேவைப்படலாம், பிள்ளைகளின் காதுக்குத் தேவையில்லை.

தீர்வு: கை தூக்கும் முறையைச் சில நாள் நிறுத்திப் பாருங்கள். எல்லாப் பெயரையும் ஐஸ் குச்சியிலோ அட்டைத் துண்டிலோ எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், காத்திருங்கள், பிறகுதான் குச்சியை எடுங்கள். “செல்வி, சொல்லு” என்று பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள்.

பெயர் வந்த பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் நிற்க வைக்க வேண்டாம். “யோசிச்சுக்கிட்டு இரு, ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு உன்கிட்ட வரேன்” என்று சொல்லுங்கள். சொன்ன மாதிரி கட்டாயம் திரும்பப் போங்கள். அந்த இருவர் சொன்னதில் எதை ஏற்கிறாய் என்று கேட்டால்கூடப் போதும். திரும்பப் போகாவிட்டால் “தெரியாது” என்பது தப்பிக்கும் வழி என்று ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

கை தூக்கும் அந்த நாலு பேர் மனம் உடைந்து போவார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

இருக்கையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? 2025இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பேச்சு பெரிதாக எழுந்தது. இருபது பேர் இருக்கும் வகுப்பில் நல்ல ஏற்பாடுதான். ஐம்பது பேரை இருபதுக்கு இருபது அடி அறையில் அப்படி உட்கார வைத்தால் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பியே போர்டைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை வரிசை சுழற்சி, பாடம் நடத்தும்போது நீங்கள் நடந்துகொண்டே இருப்பது, இரண்டும் செலவில்லாதவை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடம் பாடம் நடத்திப் பாருங்கள். முதல் பெஞ்ச் அன்றைக்குக் கடைசி பெஞ்ச்.

அறிகுறி 4: ஒரே ஒரு பிள்ளை மட்டும் வாய் திறப்பதே இல்லை, அல்லது சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறது

இங்கே கற்பிக்கும் உத்திகளை எடுக்காதீர்கள். முதலில் உடம்பைப் பாருங்கள்.

கண்: போர்டைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறதா? வாயால் சொல்வதைச் சரியாக எழுதி, போர்டில் இருப்பதைத் தவறாக எழுதினால் சந்தேகம் உறுதி. காது: பிள்ளைக்குப் பின்னால் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில் பெயர் சொல்லுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக. ஒரு காது மட்டும் மந்தமாக இருக்கும் பிள்ளை எதிரில் நின்று பேசினால் நன்றாகவே பதில் சொல்லும், அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. நாம் செய்வது மருத்துவப் பரிசோதனை அல்ல, சந்தேகத்தைக் குறித்து வைப்பது மட்டும்தான். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள். கண்ணாடி என்றால் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கும். முடிவு வரும் வரை முன் பெஞ்சில், நல்ல காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள்.

பசி: முதல் இரண்டு பீரியட் மட்டும் மந்தம், சத்துணவுக்குப் பிறகு சரியாகிறது என்றால் காலையில் சாப்பிட்டாயா என்று தனியாகக் கேளுங்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடும் என்பதை நடுநிலை வகுப்பு எடுப்பவர்கள் மறந்துவிடுகிறோம்.

மொழி: திருப்பூரிலோ சென்னையைச் சுற்றியோ இருந்தால், வீட்டில் இந்தியோ ஒடியாவோ வங்காளியோ பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். எல்லையோர ஊர்களில் தெலுங்கும் கன்னடமும், மலைப்பகுதியில் இருளர் மொழியும் வீட்டு மொழிகள். அந்தப் பிள்ளையின் மௌனத்தில் பாடம் தெரியாதது எவ்வளவு, சொல் கிடைக்காதது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வரைந்து காட்டச் சொல்லுங்கள், பொருளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதே வீட்டு மொழி பேசும் இன்னொரு பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த மொழியிலேயே பேசிக்கொள்ள விடுங்கள்.

ஆங்கில வழிப் பிரிவுகளில் இதே பழுது மொத்த வகுப்புக்கும் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டால் மௌனம், தமிழில் கேட்டால் கலகலப்பு. சரி, முதலில் தமிழில் சொல்லட்டும். சொன்னதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வகுப்பே சேர்ந்து கட்டட்டும். போர்டில் எழுதுங்கள், எல்லோரும் ஒரு முறை சொல்லட்டும். “ஆங்கிலத்திலேயே பேசு” என்று கதவை மூடினால், பிள்ளை யோசிப்பதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது.

அறிகுறி 5: செய்யச் சொன்னதை யாரும் செய்யவில்லை, ஒரே சத்தம்

பெரும்பாலும் நீங்கள் சொன்னபோதே சத்தம் இருந்திருக்கும். தாள் கொடுத்துக்கொண்டே, போர்டில் எழுதிக்கொண்டே, “அஞ்சு அஞ்சு பேரா உட்காருங்க, இதைப் படிங்க, படிச்சுட்டு மூணாவது கேள்விக்குப் பதில் எழுதுங்க, லீடர் வந்து சொல்லணும்” என்று நாலு வேலையை ஒரே மூச்சில் சொன்னால், பிள்ளைகளுக்கு நாற்காலி இழுப்பது மட்டும்தான் நினைவிருக்கும்.

குழு பிரியும் முன்பே வேலையைச் சொல்லிவிடுங்கள். படிகளைப் போர்டில் எண் போட்டு எழுதுங்கள். “முதல்ல என்ன செய்யணும்?” என்று பின் வரிசைப் பிள்ளை ஒன்றைக் கேளுங்கள். அது சரியாகச் சொன்னால் மட்டும் “ஆரம்பிங்க”. குரலை உயர்த்துவதால் பயனில்லை. உங்கள் சத்தத்துக்கு மேல் பேச அவர்களும் குரலை உயர்த்துவார்கள். பேசுகிறவர் பெயரை லீடர் போர்டில் எழுதி வைக்கும் வழக்கத்தைப் பற்றி என் கருத்து: அதில் வகுப்பு அமைதியாவதைவிடப் பழைய கணக்குகள் தீர்க்கப்படுவதுதான் அதிகம்.

தகரக் கூரையில் மழை பெய்கிறது என்றால் எந்த உத்தியும் எடுபடாது. எழுத்து வேலை கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: நோட்டைத் திருத்தித் திருத்திக் கொடுத்தும் அதே தவறு

சோதனை: நேற்றுத் திருத்திய பத்து நோட்டுகளை எடுத்து, நீங்கள் எழுதியதை மட்டும் வாசியுங்கள். “கவனம் தேவை”, “குட்”, “முயற்சி செய்”, ஒரு பெரிய சரிக்குறி, ஒரு கையெழுத்து. இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இன்றைக்கு எதை மாற்ற முடியும்?

ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம்: தாள் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்க்கிறார்கள், தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

தேர்வுக்கு மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது. ஆனால் வகுப்புப் பயிற்சி நோட்டுக்கு எண் தேவையில்லை. ஐம்பது நோட்டுக்கும் கருத்து எழுதுவதும் நடக்காத காரியம். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை மட்டும், ஒரு நோட்டில் ஒரே ஒரு தவறுக்கு மட்டும். “52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறாய். ஒன்றின் இடத்தில் எதிலிருந்து எதைக் கழித்தாய்?” என்று கேள்வியாக எழுதுங்கள். அடுத்த நாள் பீரியடின் முதல் ஐந்து நிமிடம், அந்தக் கேள்விக்குக் கீழே பிள்ளை பதில் எழுத வேண்டும். இந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் நீங்கள் எழுதியது வீண்.

அறிகுறி 7: நன்றாக இருந்த வகுப்பு திடீரென்று இறுகிவிட்டது

ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு சொல் விழுந்திருக்கிறது. அது உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம், வகுப்புக்கு நினைவிருக்கும். நிறத்தைப் பற்றிய கிண்டல், “மாடு மேய்க்கத்தான் லாயக்கு”, அப்பாவின் தொழிலைச் சொல்லி ஒரு ஒப்பீடு. உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதைப் பலர் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

திட்டு இல்லாமலேயே காயப்படுத்தும் பேச்சும் உண்டு. உதவித்தொகைப் படிவம் வந்ததும் “எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரிங்க” என்பது. சொன்னவருக்கு அது அலுவலக வேலை. எழுந்து நின்ற பிள்ளைக்கு அப்படி இல்லை. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் மீது நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது சும்மா இல்லை. படிவத்தைப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

தீர்வு: எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். “நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான்” என்று ஒரே வாக்கியம். “ஆனா நீயும்…” என்று தொடராதீர்கள். மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

பிள்ளை எதிர்த்துப் பேசியதுதான் பிரச்சினை என்றால், அந்த இடத்திலேயே ஜெயிக்க முயல வேண்டாம். பதினான்கு வயதுப் பையனுக்குப் பின்னால் நாற்பது பார்வையாளர்கள் இருக்கிறார்கள், அவனால் பின்வாங்க முடியாது. “இதை மணி அடிச்சதும் பேசுவோம்” என்று பாடத்தைத் தொடருங்கள். மணி அடித்ததும் நின்றுகொண்டு பேசாமல் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். “ஏன் இப்படிப் பண்ணே?” என்று தொடங்கினால் “சும்மா சார்” என்றுதான் வரும். “அப்போ என்ன ஆச்சு, சொல்லு” என்றால் கதை வரும்.

அறிகுறி 8: பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொல்லவோ எழுதிக் கொடுக்கவோ செய்தது, உங்களுக்குக் கை நடுங்குகிறது

வீட்டில் அடி, கல்யாணப் பேச்சு, யாரோ தொட்டது. இது வகுப்பு உத்தியால் சரிசெய்யும் விஷயமே அல்ல. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே குறித்து வையுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிய வந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம், பள்ளியின் பெயர் கெடும் என்று மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் போர்டின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் விட்டு வைக்கலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

உங்கள் பீரியட் ஒன்றைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். குரல் மட்டும் போதும், வீடியோ வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும்தான். கேட்கும்போது மூன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒரே சொல்லில் பதில் முடிந்தவை எத்தனை? ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு வாக்கியம் பேசிய இடம் ஒன்றாவது இருக்கிறதா? பாடம் சம்பந்தமாக ஒரு பிள்ளை தானாகக் கேட்ட கேள்வி உண்டா? தண்ணீர் குடிக்கப் போகலாமா என்பது கணக்கில் சேராது.

அதோடு, மாதம் ஒரு முறை பெயர் போடாத துண்டுச் சீட்டு. “இந்த மாதம் எந்தப் பாடத்தில் நான் வேகமாகப் போனேன்?” என்று ஒரே கேள்வி. “எப்படி நடத்துகிறேன்?” என்று கேட்டால் “சூப்பர் சார்” என்று ஐம்பது சீட்டு வரும். பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதே என்று அதோடு விட்டுவிடாதீர்கள், அது புகாருக்கான பெட்டி, பாடத்துக்கானது அல்ல. கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சீட்டில் வந்தவற்றில் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றி, “நீங்க சொன்னதால இதை மறுபடி நடத்துறேன்” என்று வகுப்பில் சொல்லுங்கள். முதல் மாதம் பாதிச் சீட்டுகள் வெறுமையாக வந்தால் கவலை வேண்டாம், இரண்டாவது மாதமும் கொடுங்கள்.